பையர் கேட்கிறார், 'சைபர் தாக்குதல் நடந்தால் என்ன செய்வீர்கள்?' சின்ன யூனிட் என்ன பதில் எழுதுவது?

விஷாரம்_அப்பர்:

வணக்கம். மேல்விஷாரத்தில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் யூனிட் ஒன்றை அண்ணனும் நானும் பார்த்துக்கொள்கிறோம். ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர், டேலி கணக்கு சாஃப்ட்வேர், மெயில், வாட்ஸ்அப். எங்கள் ஐடி இவ்வளவுதான். இதுவரை பையர் (எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனி) ஆடிட் என்றால் தீயணைப்பான் தேதி, ஓவர்டைம் ரிஜிஸ்டர், கெமிக்கல் லிஸ்ட் என்றுதான் கேட்பார்கள். இந்த முறை ஐரோப்பிய பையர் அனுப்பிய கேள்வித்தாளில் புதிதாக ஒரு பக்கம் வந்திருக்கிறது. பேக்கப் எப்போது எடுக்கிறீர்கள், எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்த தேதி என்ன, தாக்குதல் நடந்தால் முதலில் யார் யாருக்குச் சொல்வார்கள், எங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் தெரிவிப்பீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள்.

தெரிந்தவர் ஒருவர் ரெடிமேடாக முப்பது பக்க பாலிசி வைத்திருக்கிறாராம். கம்பெனி பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. நிஜமாகவே ஏதாவது நடந்தால் அந்த முப்பது பக்கத்தை யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள்? எங்கள் அளவு யூனிட்டுக்கு உண்மையில் என்ன தேவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_சர்வீஸ்:

பாய், அந்த முப்பது பக்கத்தை வாங்காதீர்கள். பையர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி.

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் நான் சர்வீஸுக்குப் போகும் ஆபீஸ்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். முதலாளி வெளியூரிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்பார். அதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டை (இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வரும் ஒரு வாசல்) திறந்து, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் விட்டிருப்பார்கள். யூசர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டு கம்பெனி பெயரோடு 123. உலகம் முழுக்கத் திறந்து கிடக்கும் இந்த போர்ட்டைத் தேடுவதற்கென்றே தானாக ஓடும் புரோகிராம்கள் இருக்கின்றன. அவை ஆளைப் பார்த்து வருவதில்லை. எந்த முகவரி பதில் சொல்கிறதோ அங்கே பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு தோல் கம்பெனியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கணக்கர் டேலியைத் திறக்கிறார், கம்பெனி லிஸ்ட் காலி. ஃபோல்டருக்குள் போனால் ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் யாரோ ஒருவருடைய மெயில் முகவரி ஒட்டியிருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் ஃபைல், பணம் கேட்டு. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, தினமும் எடுக்கிறோம் என்றார்கள். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் அதே கம்ப்யூட்டரின் பின்னால் செருகியபடியே இருந்தது. அதிலிருந்த ஃபைல்களுக்கும் அதே வால். நான் போய்ச் சேருவதற்குள் ஆபீஸ் பையன் பதற்றத்தில் இரண்டாவது கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுவிட்டான். எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பதற்கு இருந்த தடயமும் அதோடு போனது.

அவர்களுக்கு ஆன்டிவைரஸ் இருந்தது, காசு கொடுத்து வாங்கியதுதான். ரிமோட்டில் அட்மினாக உள்ளே வந்தவன் செய்த முதல் வேலை அதை நிறுத்தியது. அங்கே இல்லாமல் போனது ஒன்றுதான். 'இப்படி நடந்தால் எதைத் தொடக்கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும்' என்று முன்கூட்டியே யாரும் பேசி வைக்கவில்லை. உங்கள் பையர் கேட்பதும் அதைத்தான்.

ஆரணி_அரிசி:

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பெரிய பேங்க், ஆஸ்பத்திரி என்றால் சரி. நெல் வாங்கி அரிசி விற்கிறவனிடம் என்ன திருடப் போகிறான்? இந்த பயத்தைக் காட்டியே சாஃப்ட்வேர் விற்கிறார்கள். எங்கள் மில்லில் அப்பா காலத்துப் பேரேடு இன்னமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் போனால் அதைப் பார்த்து எழுதிக்கொள்வோம்.

காட்பாடி_சர்வீஸ்:

சார், பேரேடு இருப்பது உண்மையிலேயே பலம். அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த வருஷத்து ஜிஎஸ்டி பில்கள், ஈ-வே பில், பார்ட்டி பாக்கி எல்லாம் அந்தப் பேரேட்டில் ஏறுகிறதா? உங்கள் டேட்டாவை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பது சரிதான். அவன் அதை உங்களிடமேதான் விற்கிறான்.

ராணிப்பேட்டை_ஷிப்பிங்:

ஆரணி அண்ணா, திருடுவதற்கு டேட்டா கூட வேண்டாம், ஒரு மெயில் பெட்டி போதும். சிப்காட்டில் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஏற்றுமதி டாக்குமென்ட் பார்த்தேன். அங்கே நடந்தது இது.

ஒரு கண்டெய்னர் ஃபினிஷ்டு லெதர் போய்ச் சேர்ந்தது. பணம் வர வேண்டிய தேதி தாண்டியும் வரவில்லை. நினைவூட்டி மெயில் போட்டால் பதில் இல்லை. கடைசியில் போன் செய்தபோது பையர் ஆபீஸில் சொன்னார்கள், "நீங்கள் அனுப்பிய புது அக்கவுண்டுக்கு அப்போதே கட்டிவிட்டோமே." நாங்கள் புது அக்கவுண்ட் எதுவும் அனுப்பவில்லை. அவர்களுக்கு வந்த மெயிலைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். எங்கள் லெட்டர்ஹெட், எங்கள் இன்வாய்ஸ் நம்பர், எங்கள் மேனேஜரின் கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்தது. பேங்க் விவரம் மட்டும் வேறு. மெயில் முகவரியில் 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதியிருந்தார்கள். சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எப்படி என்று தோண்டியபோதுதான் தெரிந்தது, மேனேஜருடைய மெயிலுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்திருக்கிறான். செட்டிங்ஸில் ஒரு ரூல் போட்டு வைத்திருந்தான். அந்த பையரிடமிருந்து வரும் மெயில் எல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் நினைவூட்டலுக்கு பையர் பதில் போட்டுத்தான் இருக்கிறார். நாங்கள்தான் பார்க்கவில்லை.

அடுத்தது இன்னும் கஷ்டம். பணம் போனது வெளிநாட்டு அக்கவுண்டிலிருந்து வெளிநாட்டு அக்கவுண்டுக்கு. இங்கே போலீஸில் புகார் கொடுத்தோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பணத்தைத் திருப்பக் கேட்க வேண்டியது பையர்தான், அவருடைய பேங்க் மூலமாக. நாள் கடந்துவிட்டதால் அங்கே அக்கவுண்ட் காலி. சரக்கும் போய்விட்டது, பணமும் இல்லை. அதோடு ஷிப்பிங் பில்லுக்குப் பணம் வந்ததாகக் காட்ட முடியாததால் ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்பில் அது பாக்கியாகவே நின்றது. பேங்க் மேனேஜர் ஒவ்வொரு முறையும் விளக்கம் கேட்பார்.

ஆகவே பாய், உங்கள் பதிலில் முதலில் இதை எழுதுங்கள். எங்கள் பேங்க் விவரம் மெயிலில் ஒருபோதும் மாறாது, மாறினால் ஏற்கெனவே உங்களிடம் உள்ள நம்பருக்கு நாங்கள் போன் செய்து சொல்வோம், நீங்களும் அதே நம்பரில் திருப்பிக் கேட்டு உறுதி செய்யுங்கள். மாற்றம் சொல்லும் மெயிலிலேயே ஒரு போன் நம்பர் இருக்கும், அதற்குக் கூப்பிடக்கூடாது. இப்போதிருக்கும் ஆபீஸில் ஒவ்வொரு இன்வாய்ஸின் அடியிலும் இதை அச்சடித்து வைத்திருக்கிறோம். மெயிலுக்கு இரண்டாவது பூட்டு, அதாவது ஆப்பில் வரும் கோடு, எல்லோருக்கும் கட்டாயம். மாதத்துக்கு ஒரு தடவை எல்லோர் மெயிலிலும் ஃபார்வர்டு ரூல் ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று நானே பார்க்கிறேன்.

விஷாரம்_அப்பர்:

அக்கா, படிக்கவே பயமாக இருக்கிறது. பையரோடு எங்களுக்கு இதுவரை எல்லாமே மெயில்தான். போன் நம்பர் கூட அந்த மெயிலின் அடியில் இருப்பதைப் பார்த்துத்தான் எடுப்போம். இன்றைக்கே ஒரு டைரியில் எழுதி வைக்கிறேன்.

காட்பாடி அண்ணே, ஒரு சந்தேகம். ஆறு மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதாக ஆடிட்டர் சொன்னார். அது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமா?

காட்பாடி_சர்வீஸ்:

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு அது. ரான்சம்வேர் (மேலே சொன்னதுபோல் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்பது), டேட்டா கசிவு, அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது போன்றவை தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் லாக்குகளை, அதாவது யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பது போன்ற பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே வருகிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அப்படியென்றால் அவர்களுக்கும் பொருந்தும் என்றுதானே அர்த்தம். உத்தரவில் வரும் 'பாடி கார்ப்பரேட்' என்ற சொல்லுக்கு ஐடி சட்டத்தின் 43ஏ பிரிவில் விளக்கம் இருக்கிறது. கம்பெனி மட்டுமல்ல, பார்ட்னர்ஷிப் ஃபர்ம், தனியாள் நடத்தும் தொழிலும் அதில் அடக்கம்.

6 மணி நேரம் என்பது நீங்கள் கண்டுபிடித்ததிலிருந்து. காலை பத்து மணிக்கு டேலி திறக்கவில்லை என்று தெரிந்தால் மாலை நாலு மணிக்குள். அந்த நேரத்தில் உட்கார்ந்து படிவத்தைத் தேடுகிற நிலை வரக்கூடாது. அவர்கள் தளத்தில் இருக்கும் படிவத்தை இப்போதே பிரின்ட் எடுத்து, கம்பெனி விவரம், கம்ப்யூட்டர் விவரம், தொடர்பு நபர் எல்லாம் நிரப்பி வையுங்கள். அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

180 நாள் லாக் விஷயத்தில் நம் ஊர் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆபீஸ் ரவுட்டர்களில் லாக் கொஞ்சம்தான் நிற்கும், கரண்ட் போய் வந்தால் பல மாடல்களில் அதுவும் அழிந்துவிடும். கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போகும் என்று உங்களுக்கே தெரியும். ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று, லாக்கை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் செட்டிங், இந்த இரண்டும் வேண்டும்.

கோட்டைவெளி:

ஒரு மருத்துவமனையின் ஐடி பிரிவில் வேலை. ஊரைப் பார்த்ததும் எந்த மருத்துவமனை என்று கேட்பீர்கள், சொல்ல முடியாது. பொதுவில் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர். ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டதாக அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. ஓ.பி. சீட்டு, அட்மிஷன், லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் கையெழுத்துக்குத் திரும்பின. சுமார் இரண்டு வாரம் பிடித்தது. மீண்டதற்குக் காரணம், தாக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் ஈ-ஹாஸ்பிடல் (மருத்துவமனை சாஃப்ட்வேர்) டேட்டா இருந்தது. அதை எடுத்துப் புது சர்வர்களில் ஏற்றினார்கள்.

செய்திகளில் எல்லோரும் பேக்கப்பைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் பிரிவில் நாங்கள் அதிகம் பேசியது அந்த இரண்டு வாரத்தைப் பற்றி. பேக்கப் இருந்தும் இரண்டு வாரம். அதுவரை நோயாளி காத்திருக்க மாட்டார். காகிதத்தில் வேலை நடக்க வேண்டும் என்றால் அந்தக் காகிதம் முதலில் அச்சடித்து இருக்க வேண்டும், அதை எப்படி நிரப்புவது என்று இருபத்தைந்து வயது நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து திரையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அதனால் வார்டில் அந்தப் படிவங்களை அடுக்கி வைத்து, அவ்வப்போது ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடாமல் வேலை செய்ய வைக்கிறோம். முதல் தடவை சத்தம் போட்டார்கள். ரத்த வகை எழுதும் கட்டமே படிவத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது அவர்கள்தான்.

அதனால் விஷாரம் பாய், உங்கள் கேள்வித்தாளில் 'மீள எத்தனை நாள்' என்று ஒரு கட்டம் இருந்தால் யோசித்து எழுதுங்கள். டேலி மூன்று நாள் இல்லாமல் உங்கள் யூனிட் ஓடுமா? சம்பள நாளாக இருந்தால்? கண்டெய்னரை ஒப்படைக்கக் கடைசி நாளாக இருந்தால்?

காந்திரோடு_லாட்ஜ்:

இந்த இழையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனை எதிரே லாட்ஜ் நிர்வாகம் செய்கிறேன். எங்களிடம் தங்குபவர்கள் பெரும்பாலும் மேற்கு வங்காளம், வடகிழக்கு, ஜார்கண்ட், அப்புறம் பங்களாதேஷ். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை, ஃபார்ம் சி என்போம், ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அதற்காக பாஸ்போர்ட், விசா, சிகிச்சைக் கடிதம் எல்லாம் ஸ்கேன் எடுக்கிறோம். வருஷக்கணக்கில் அந்த ஸ்கேன்கள் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கின்றன. பல லாட்ஜ்களில் ரிசப்ஷனிஸ்டின் சொந்த வாட்ஸ்அப்பிலும் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் படங்களும் அவரோடு போகும்.

எங்களுக்கு டேலி போனால் பெரிய நஷ்டமில்லை. அந்த ஸ்கேன்கள் வெளியே போனால்? உடம்புக்கு முடியாமல் கடன் வாங்கி வந்த மனிதர்களின் அடையாளம் அது. அவர்கள் பெயரில் சிம் வாங்கலாம், லோன் எடுக்கலாம். அவர்களுக்குத் தெரியவே வராது. இதற்கு என்ன செய்வது?

கோட்டைவெளி:

சார், உங்கள் கேள்விதான் இந்த இழையில் முக்கியமானது என்று நினைக்கிறேன். வைத்திருக்காத டேட்டாவை யாரும் திருட முடியாது. ஃபார்ம் சி ஏற்றிய பிறகு, போலீஸும் உங்கள் ஆடிட்டரும் எவ்வளவு காலம் வைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அதைத் தாண்டியதை அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்குவதை நிறுத்துங்கள். ஸ்கேன் ஃபோல்டரை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிரைவில் வையுங்கள்.

இன்னொன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கசிவு நடந்தால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே சொல்லி, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும் என்கிறது. நியாயமான பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இந்தப் பகுதி நடைமுறைக்கு வர விதிகளில் 18 மாதம் அவகாசம் இருக்கிறது. லாட்ஜ் சின்னது என்பதால் விட்டுவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். அசாமிலிருந்து போன வருஷம் வந்து போனவருக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள்.

ஆரணி_அரிசி:

சரி, நான் முதலில் எழுதியதில் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பயம் காட்டி விற்கிறார்கள் என்பதை இன்னமும் சொல்வேன். ஆனால் நேற்று மில்லில் கேட்டேன், எங்கள் பேக்கப் பென்டிரைவ் எங்கே என்று. டிராயரில் இருந்தது. எப்போது எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் பையன் எங்கள் கம்ப்யூட்டரில் எனிடெஸ்க் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) போட்டு, கேட்காமலே உள்ளே வரும்படி பாஸ்வேர்டு வைத்திருப்பதும் நேற்றுதான் எனக்குத் தெரியும்.

கூகுள் டிரைவில் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே? மகன் அப்படித்தான் சொல்கிறான்.

காட்பாடி_சர்வீஸ்:

சார், அந்த பாஸ்வேர்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவர் வர வேண்டுமானால் நீங்கள் 'அக்செப்ட்' அழுத்தி உள்ளே விடுங்கள், வேலை முடிந்ததும் மூடுங்கள்.

கூகுள் டிரைவ் பற்றி: கம்ப்யூட்டர் ஃபோல்டரோடு தானாக ஒத்துப்போகும்படி வைத்திருந்தால் இங்கே பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் போய் நல்ல ஃபைலின் மேல் உட்காரும். பழைய வெர்ஷனை மீட்க வழி இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அதையே ஒரே பேக்கப்பாக நம்பக்கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகை இடம், குறைந்தது ஒன்று கட்டடத்துக்கு வெளியே, கேபிள் கழற்றி. உங்கள் மில்லுக்கு இப்படிச் செய்யலாம். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. வேலை முடிந்ததும் கழற்றி, ஒன்று எப்போதும் வீட்டு பீரோவில் இருக்கட்டும். 2021 நவம்பரில் பாலாறு பெருகி வந்ததே, அந்த மாதிரி நாளுக்கும் அதுதான் உதவும்.

அப்புறம் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. டேலி வேறொரு லேப்டாப்பில் இருக்கட்டும். அதில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, டிஸ்கிலிருந்து ரீஸ்டோர் கொடுங்கள். வந்ததா? வந்தால் போதாது. கடைசி பில் நம்பர் என்ன, கேஷ் பேலன்ஸ் என்ன, பெரிய பார்ட்டி ஒருவரின் பாக்கி என்ன, இந்த மூன்றையும் அசல் கம்ப்யூட்டரோடு ஒத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்கள். விஷாரம் பாய், உங்கள் பையர் கேட்கும் 'தேதி' இதுதான். ஒரு கவனம், ரீஸ்டோரை ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டர் மேலேயே கொடுத்துவிடாதீர்கள். நல்ல கணக்கின் மேல் பழைய கணக்கு உட்கார்ந்துவிடும்.

குடியாத்தம்_பேங்க்:

ஒரு சிறிய வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். 2024 ஜூலை கடைசியில் நாட்டில் கிட்டத்தட்ட 300 சிறு வங்கிகளுக்கு, அதிகமும் கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும், யுபிஐயும் ஐஎம்பிஎஸ்ஸும் நின்றன. அந்த வங்கிகள் எதுவும் நேரடியாகத் தாக்கப்படவில்லை. அவற்றுக்குத் தொழில்நுட்ப சேவை கொடுத்த சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததால், மற்றவர்களுக்குப் பரவக்கூடாதென்று, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அந்த இணைப்பைத் துண்டித்து வைத்தது. துண்டித்தது சரியான முடிவு, சில நாளில் சேவையும் திரும்பியது.

இங்கே சொல்ல வந்தது, உங்கள் பட்டியலில் உங்கள் கம்ப்யூட்டர்கள் மட்டும் போதாது. டேலி பார்ட்னர், ஆடிட்டர், பேமென்ட் மெஷின், பில்லிங் சாஃப்ட்வேர்காரர் யாராவது ஒருவர் நின்றால் நீங்களும் நிற்பீர்கள். யார் நின்றால் எது நிற்கும் என்று எழுதிப் பாருங்கள்.

பணம் போயிருந்தால் முதல் போன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930. கவுண்டரில் தினமும் பார்க்கிறேன், மக்கள் முதலில் கிளைக்கு ஓடி வருகிறார்கள், வெளியே வரிசையில் நிற்கிறார்கள். அதற்குள் பணம் நாலு அக்கவுண்ட் தாண்டிவிடும். 1930-இல் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த வங்கியில் அதை நிறுத்தி வைக்கச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. பரிவர்த்தனை நம்பர், நேரம், தொகை மூன்றும் கையில் இருந்தால் வேகமாக நடக்கும். அப்புறம் சைபர் கிரைம் தளத்தில் பதிவு, அதற்கப்புறம் கிளைக்கு வாருங்கள்.

ராணிப்பேட்டை_ஷிப்பிங்:

சி-எட்ஜ் விஷயம் எங்கள் துறைக்கும் பொருந்தும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்று ஒரு நாசகார புரோகிராம் வந்தது. உக்ரைனில் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகப் புகுந்து உலகம் முழுக்கப் பரவியது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி நின்றுபோனது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் குழுமத்தின் முனையமும் நின்றது. 45,000 கம்ப்யூட்டர்களையும் 4,000 சர்வர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவியதாக அவர்களுடைய தலைவரே பிறகு சொன்னார். நஷ்டம் 20 கோடியிலிருந்து 30 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

அவர்களுடைய நெட்வொர்க்கின் அடிப்படை விவரம் உலகத்தில் எல்லா ஆபீஸிலும் அழிந்துவிட்டது, கானா நாட்டு ஆபீஸைத் தவிர. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை, அதனால் அந்த ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இல்லை. அந்தப் பிரதியை வைத்துத்தான் மீண்டும் எழுந்தார்கள். காட்பாடி அண்ணன் கேபிளைக் கழற்றச் சொல்வதன் அருமை இதில் தெரியும். அவர்களுக்கு அது தற்செயலாக நடந்தது.

வாலாஜா_ஜவுளி:

ஒரு கேள்வி. பேக்கப்பும் இல்லை, ஃபைலும் பூட்டியாயிற்று. அவன் கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடலாமா? எனக்குத் தெரிந்த ஒருவர் பேரம் பேசிக் கொடுத்தார், திறந்தும் கொடுத்தார்கள்.

காட்பாடி_சர்வீஸ்:

கொடுத்தும் சாவி வராத ஆட்களையும், சாவி வந்தும் பாதி ஃபைல் திறக்காத ஆட்களையும் பார்த்திருக்கிறேன். கொடுக்காதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. கொடுத்தவர் என்று பெயர் ஆகிவிட்டால் மறுபடி வருவார்கள், வந்த வழியும் அப்படியே திறந்திருக்கும்.

அதற்கு முன் ஒரு முயற்சி இருக்கிறது. நோ மோர் ரான்சம் என்று ஒரு தளம், ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சு போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கியது. பூட்டிய ஃபைல் ஒன்றையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும், இலவசச் சாவி இருந்தால் கொடுக்கும். எல்லா வகைக்கும் சாவி இல்லை. இன்று இல்லாத சாவி பின்னால் வரலாம், அதனால் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் ஒரு டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

திருட்டு சாஃப்ட்வேரையும் சொல்லியாக வேண்டும். கிராக் போட்ட போட்டோஷாப், கிராக் போட்ட ஆபீஸ் என்று டவுன்லோடு செய்வதன் உள்ளேயே ரான்சம்வேர் வரும். ஜவுளி டிசைன் செய்யும் இடங்களில் இது அதிகம். அப்புறம் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். பேங்க் ஓடிபி வரும் போனில் அதை நிறுவினால் ஓடிபி அவனுக்கும் போகலாம். கடையின் கரண்ட் அக்கவுண்டுக்கு இணைத்த நம்பரைத் தனியாக ஒரு சாதாரண பட்டன் போனில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பழக்கம்.

விஷாரம்_அப்பர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனும் நானும் சூப்பர்வைசரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதினோம். தீயணைப்பான் பக்கத்திலேயே ஒட்டப் போகிறோம். பிழை இருந்தால் திருத்துங்கள்.

"கம்ப்யூட்டரில் ஃபைல் திறக்கவில்லை, பெயர் மாறியிருக்கிறது, பணம் கேட்டு எழுத்து வந்தால்: எதையும் அழிக்காதே, ஃபார்மேட் செய்யாதே. நெட் கேபிளை உருவு, வைஃபை ரவுட்டரை நிறுத்து. திரையை போனில் படம் எடு, நேரத்தை எழுது. பேக்கப் டிஸ்கை எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகாதே. முதலாளிக்கு போன், அவர் எடுக்காவிட்டால் அண்ணனுக்கு, அடுத்து சர்வீஸ்காரருக்கு. பணம் போயிருந்தால் யாரிடமும் கேட்காமல் 1930. பையருக்கு முதலாளி மட்டும் போனில் சொல்வார், அன்றைக்கே. செர்ட்-இன் படிவம் பச்சை ஃபைலில், 6 மணி நேரத்துக்குள்."

கீழே போன் நம்பர்கள், கையால் எழுதியவை. தையல் லைனில் இருக்கும் பெண்களுக்கும் படித்துக் காட்டினோம், ஏனென்றால் இரவு ஷிப்டில் ஆபீஸ் பக்கம் இருப்பது அவர்கள்தான்.

கோட்டைவெளி:

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். ரவுட்டரை நிறுத்தினால் காட்பாடி சொன்ன லாக் அழியலாம், அதனால் ரவுட்டருக்குள் வரும் இன்டர்நெட் கேபிளையும் கம்ப்யூட்டர்களுக்குப் போகும் கேபிள்களையும் உருவச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர்களில் வைஃபையை அணைக்கட்டும், ரவுட்டர் ஓடட்டும். கம்ப்யூட்டரையும் முடிந்தவரை ஆஃப் செய்ய வேண்டாம், மெமரியில் தடயம் இருக்கும். நெட்டைத் துண்டிக்க வழியே இல்லாவிட்டால் மட்டும் ஆஃப்.

இன்னொன்று, 'கேள்விப்பட்டதை வெளியே சொல்லாதே, தவறு நடந்ததை எங்களிடம் வந்து சொன்னவரைத் திட்ட மாட்டோம்' என்ற வரியையும் சேருங்கள். தப்பான லிங்கைத் தொட்டவர் பயந்து மறைத்தால் உங்கள் 6 மணி நேரம் அங்கேயே போய்விடும். இதை முதலாளி வாயால் சொல்ல வேண்டும்.

விஷாரம்_அப்பர்:

சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று. பக்கத்துத் தோல் ஷெட்டில் தோல் பரப்பளவு அளக்கும் மெஷினோடு ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் வருகிறது. மெஷின்காரர் புது விண்டோஸில் அந்த சாஃப்ட்வேர் ஓடாது என்கிறார். எங்கள் ஆபீஸில் இரண்டு விண்டோஸ் 10-உம் இருக்கிறது. என்ன செய்வது?

காட்பாடி_சர்வீஸ்:

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிந்தது. அப்டேட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர் போதும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டையும் 11-க்கு ஏற்றுங்கள், ஏறாவிட்டால் மாற்றுங்கள். அளக்கும் மெஷினை மாற்றச் சொல்ல மாட்டேன், அது லட்சக்கணக்கில். அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கேபிளே வேண்டாம், வைஃபை கார்டைக் கழற்றிவிடுங்கள். அளவுச் சீட்டு பிரின்டரில் வரட்டும், ஆபீஸில் கையால் ஏற்றுங்கள். பென்டிரைவ் வேண்டுமென்றால் அதற்கென்றே ஒன்று, வேறெங்கும் செருகாமல். அந்த ஹார்டு டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்கில் குளோன் எடுத்து, மாட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கவரில் போட்டுப் பெயர் எழுதி பீரோவில் வையுங்கள். மெஷின்காரர் சாஃப்ட்வேர் சிடியும் லைசென்ஸ் டாங்கிளும் (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன சாவி) யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல ஷெட்டுகளில் அந்த சிடி எங்கே என்றே தெரியாது. வியாழக்கிழமை மேல்விஷாரம் பக்கம் வருகிறேன், குளோன் எடுக்க ஒரு டிஸ்க் வாங்கி வையுங்கள் பாய், 500 ஜிபி போதும்.